மோட்டாருக்கு வழிவிடாத டால்பின்கள்

அரசாங்கத்தை நான் தெரிந்துகொண்டது நாற்காலி வழியாகத்தான். அதில் உட்கார்ந்து அல்ல, வாடகைக்கு விட்டு. திருவொற்றியூரில் எனக்கு ஒரு பந்தல், நாற்காலி, மைக்செட் கடை. காதுகுத்து, வளைகாப்பு, சாவு, அம்மன் கோயில் கூழ், மாதா கோயில் கொடியேற்றம் எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிதான் போகும். அரசாங்க விழா என்றால் மட்டும் முன்வரிசைக்கு வெள்ளை உறை கேட்பார்கள். வருகிறவர் சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாது. அவர் வருவதற்குள் அந்த வெள்ளை உறைமேல் காக்கா முதலில் உட்கார்ந்து திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். மைக் பிடித்துப் பிடித்துப் பேச்சு வந்தது. பந்தல் ஓரம் நின்று நின்று கேட்கிற பழக்கம் வந்தது. ஜனங்கள் போகிற போக்கில் ஒன்று சொல்வார்கள், அது எனக்கு ரெண்டு நாளைக்கு வாயில் வெற்றிலை மாதிரி கிடக்கும். எங்கள் தெருவில் வலை பின்னுகிற ஒருவர் ஒரு தடவை சொன்னார்: "கவர்மெண்டு வருசத்துல பதினோரு மாசம் ஏழ, ஒரு மாசம் பணக்காரன். அந்த ஒரு மாசந்தான்பா பயமா கீது." அவர் சொன்ன மாசம் மார்ச்.

எங்கள் தொழிலுக்குத் தை, ஆவணி எல்லாம் முகூர்த்த மாதம். அரசாங்கத்துக்கு மார்ச் ஒன்றுதான் முகூர்த்தம். வருடம் முழுக்க எதைக் கேட்டாலும் சிக்கன நடவடிக்கை என்பார்கள். பல்பு போடச் சொன்னால் சிக்கனம், கொசு மருந்து கேட்டால் சிக்கனம். மார்ச் பிறந்ததும் அதே வாய் "ஜல்தி, ஜல்தி" என்று கத்தும். முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடுமாம். அடுத்த வருடம் "உனக்குத்தான் செலவு பண்ணத் தெரியலையே" என்று குறைத்தும் கொடுப்பார்களாம். அதனால் நன்றாக இருக்கிற நடைபாதையைப் பெயர்த்துவிட்டு அதே மாதிரி இன்னொரு நடைபாதை போடுவார்கள். ஒரு மார்ச்சில் எங்கள் பக்கத்து முட்டுச் சந்தில் வேகத்தடை போட்டார்கள். அந்தச் சந்துக்குள் வாகனம் என்று நுழைவது ஒரு பால்காரர் சைக்கிள்தான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய கூத்து. ஆனால் ஒரு மார்ச் அப்படிச் சிரிக்க விடவில்லை.

எங்கள் தெரு கடற்கரையைப் பார்த்து இறங்குகிற தெரு. கடைசியில், எல்லாவற்றையும்விடத் தாழ்வான இடத்தில், சாக்கடைத் தண்ணீரை இறைத்து அனுப்புகிற பம்பு ரூம் இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல் ஒரு சின்ன வீடு. அதில் இருப்பவள் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து மார்க்கெட்டில் விற்கிற அக்கா. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கடலில் இருந்தால் வாரக்கணக்கில் இருப்பார், கரையில் இருந்தால் தூங்குவார். அக்காவுக்கு ஒரே பெண். மீஞ்சூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் நான்தான். தாலி கட்டுகிற நேரம் பார்த்துக் கரண்டு போய், மைக் இல்லாமல் தொண்டையாலேயே "கெட்டி மேளம்" சொன்னவனும் நான்தான். அன்றிலிருந்து அக்கா என்னை "மைக்கு" என்றுதான் கூப்பிடுவாள்.

பொங்கல் முடிந்த கையோடு பம்பு ரூமில் மோட்டார் எரிந்து போனது. அங்கே ரெண்டு மோட்டார் இருக்க வேண்டும். ஒன்று முன்னமே செத்து, அதன்மேல் ஆபரேட்டர் லுங்கி காயப் போட்டுக்கொண்டிருந்தார். இருந்த ஒன்றும் போனதும் தெருவின் கழிவெல்லாம் போக வழியில்லாமல் பின்னால் திரும்பியது. முதலில் வந்த இடம் அக்காவின் கக்கூஸ். அங்கிருந்து வாசல், வாசலிலிருந்து கூடம். காலையில் வடியும், எல்லார் வீட்டிலும் குளித்து முடித்ததும் மறுபடி ஏறும். அலை மாதிரிதான், ஆனால் எங்கள் அலை.

அந்த நேரம் பார்த்து அக்காவின் மகள் முழுகாமல் இருந்தாள், தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். பெற்று, உடம்பு தேறி, பிள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் திருப்பி அனுப்புவார்கள். இதில் வசதி இருக்கிறவன் இல்லாதவன் என்ற பேச்சே கிடையாது. ஒற்றை அறை வீடாக இருந்தாலும் அந்த அறையில் பாதி அவளுக்கு. அக்காவும் அவளுக்கென்று ஒரு கட்டில் வாங்கி வைத்திருந்தாள். அந்தக் கட்டிலின் நாலு காலும் இப்போது செங்கல்லின் மேல் நின்றன, கீழே சாக்கடை.

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பம்பு ரூமைப் பார்த்துக்கொள்கிற துறை அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு மைக் வேண்டும் என்றாள். அங்கே இருந்த உதவி இன்ஜினியர், ஏ.ஈ. என்பார்கள், சின்ன வயசுக்காரர், தெற்கத்திப் பக்கம். முகத்தில் எப்போதும் பரீட்சை எழுதி முடிக்காதவன் மாதிரி ஒரு கலவரம். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக வந்திருப்போம்.

"சார், வூட்டுக்குள்ள வந்துச்சு. கூடத்துல குந்தக்கூட எடமில்ல" என்றாள் அக்கா.

"தெரியும்மா. மோட்டாருக்கு எழுதிட்டேன். பராமரிப்புல இப்போ பணம் இல்லம்மா, நிறுத்தி வச்சிருக்காங்க."

"அப்போ வேற பணம் இன்னா கீது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அழகுபடுத்துறதுல இருக்கும்மா."

"அத்த எட்து மோட்டார் வாங்கு."

"அப்படி மாத்த முடியாதும்மா. அது வேற தலைப்பு. அழகுபடுத்த வந்த பணத்தை அழகுபடுத்தத்தான் செலவழிக்கலாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "ஏன் சார், உங்க வூட்ல அரிசி டப்பால துட்டு இருந்து, எண்ணெ டப்பால இல்லன்னா, உங்க அம்மா தாளிக்காமலே உட்டுருவாங்களா?"

"எங்கம்மாவுக்கு ஆடிட் கிடையாதும்மா" என்றார் ஏ.ஈ. நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே வந்து அக்கா சொன்னாள்: "இந்தாளு நல்ல புள்ளதான் மைக்கு. ஆனா கைய கட்டிப் போட்டு கீறாங்க. கட்ன கயிற இவரே புடிச்சிகினு கீறாரு."

மார்ச் வந்தது. ஒரு காலையில் லாரி வந்து பம்பு ரூம் வாசலில் நின்றதும் தெருவே கூடிவிட்டது. மோட்டார் என்று நினைத்தோம். இறங்கியது செங்கல், சிமெண்டு, அப்புறம் பெயிண்டு டின்கள். நீலம், வெள்ளை, மறுபடி நீலம்.

அழகுபடுத்துகிறார்களாம். எங்கள் ஏரியாவின் பொதுக் கட்டடச் சுவரெல்லாம் படம் வரைகிற திட்டமாம். பம்பு ரூமின் தெருப்பக்கச் சுவர் நீளமானது, ஆனால் அதன் நடுவில் ஒரு அகலமான இரும்பு ஷட்டர். பெரிய மோட்டார்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். ஆபரேட்டர் போய்வர ஓரத்தில் ஒரு ஆள் நுழைகிற கதவு தனியாக உண்டு. வந்தவர்கள் முதல் வேலையாக ஷட்டரைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, அந்த வழியைச் செங்கல் வைத்து அடைக்க ஆரம்பித்தார்கள்.

நான் ஏ.ஈ.யிடம் ஓடினேன். "சார், அத்த அடைச்சா மோட்டார் எப்பிடி சார் உள்ள போவும்?"

"தெரியும்ணே" என்றார். நிஜமாகவே தெரிந்துதான் இருந்தது. என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் விளக்கினார். படத்துக்கான பணம் சுவரின் அளவை வைத்து ஒதுக்கியது. சுவரில் திறப்பு இருந்தால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். கழித்தால் பணம் மிஞ்சும். மிஞ்சினால் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால் மேலே இருந்து, ஏன் முழுதாகச் செலவழிக்கவில்லை என்று விளக்கம் கேட்பார்கள். அடைத்துவிட்டால் சுவர் முழுசு, செலவும் முழுசு.

"மோட்டாரு?"

"மோட்டாருக்குத்தான் பணமே இல்லையேண்ணே. இல்லாத மோட்டாருக்கு வழி எதுக்கு? வரும்போது பாத்துக்கலாம்."

நான் நிறைய மேடை பார்த்திருக்கிறேன். மைக்கில் நிறையப் பொய் கேட்டிருக்கிறேன். எல்லாப் பொய்க்கும் ஒரு வெட்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், சொல்கிறவன் தண்ணீர் கேட்பான், தொண்டையைச் செருமுவான். ஆனால் இது பொய் இல்லை. ஒவ்வொரு வரியும் சரி. சரியான வரிகளாகவே அடுக்கிக்கொண்டு போய் ஒரு மனிதன் பைத்தியக்காரத்தனத்தில் ஏறி உட்கார முடியும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். படித்துப் பாஸ் செய்தால்தான் அவ்வளவு ஒழுங்காக ஏற முடியும்.

சுவர் எழும்பியது, பூசினார்கள், படம் வரைந்தார்கள். நீலக் கடல், அதில் டால்பின்கள். ஒவ்வொன்றும் பல்லைக் காட்டிச் சிரித்தது. எங்கள் ஆட்கள் பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவர்கள். அக்காவின் வீட்டுக்காரர் அப்போது கரையில் இருந்தார், பனியனோடு வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "இது இன்னாத்துக்குபா இப்பிடி சிரிக்குது? நம்ம வூட்டு நாத்தம் அதுக்குத் தெரியலியா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார். சுவரின் மேல் ஓரத்தில் தூய்மையைப் பற்றி ரெண்டு வரி எழுதினார்கள். அதன் கீழே தெரு முழுக்கக் கறுப்புத் தண்ணீர் மினுமினுத்தது. டால்பின்கள் அதில் தலைகீழாகவும் தெரிந்தன.

திறப்பு விழாவுக்கு என்னிடம்தான் நாற்காலி எடுத்தார்கள். அன்றைக்கு ஒரு அதிசயம் நடந்தது. விடிந்ததும் ஒரு கழிவுநீர் லாரி வந்து குழாயைப் போட்டுத் தெருத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போனது. திரும்பவும் வந்தது, திரும்பவும் உறிஞ்சியது. பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு மாதிரி இறைத்தார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் அக்காவின் வீட்டுக் கூடம் தரை தெரிந்தது. அக்கா துடைப்பத்தோடு உள்ளே பாய்ந்தாள். தேய்த்தாள், கழுவினாள், கட்டிலைச் செங்கல்லில் இருந்து இறக்கினாள். சாம்பிராணி போட்டாள். பிறகு வாசலில் நின்று மகளுக்குப் போன் செய்தாள்.

"ஏம்மே, வூடு பளிச்சுனு கீது. வளைகாப்பு தேதி மாமியார்கிட்ட பேசிடு. கையோட கூட்டியாந்துடுறேன்."

பெரிய அதிகாரி வந்தார், சுவரைப் பார்த்தார், டால்பினுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். உள்ளே மோட்டார் இருக்கிறதா என்று கேட்கவில்லை. பம்பு ரூமுக்குள் எட்டிப் பார்க்கவும் இல்லை. கேக் டப்பாவின் மேல் மூடியைப் பார்த்துவிட்டுக் கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி ரெண்டு வார்த்தை பேசினார். என் மைக் அதையும் ஒழுங்காகத்தான் எடுத்துச் சொன்னது. என் சாமானுக்கு நல்லது கெட்டது தெரியாது.

அவர் போனார், லாரியும் போனது. நான் நாற்காலியை அடுக்கி முடிப்பதற்குள் கக்கூஸ் வழியாகத் தண்ணீர் மறுபடி எட்டிப் பார்த்தது. அக்கா கட்டிலைத் திரும்பச் செங்கல்லின் மேல் ஏற்றினாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.  

வளைகாப்பு மீஞ்சூரிலேயே நடந்தது. அக்கா ஏழு வகைச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு போய் வளையல் போட்டுவிட்டு, பெண்ணைக் கூட்டி வராமல் திரும்பினாள். சம்மந்தி வீட்டில் கேட்டதற்கு "பங்குனி கழியட்டும்" என்றாள். பங்குனி கழிந்தது. "சித்திரைல எடம் மாத்த வாணாம்னு சாமியாடி சொல்லுச்சு" என்றாள். சித்திரையும் முடிகிற மாதிரி இருந்தது. "கத்திரி வெயிலு, எங்க வூடு ஷீட்டு வூடு, பொண்ணு வெந்துரும்" என்றாள். இவ்வளவு சாக்கும் அவளே யோசித்தது. எந்த அலுவலகமும் அவளுக்கு உதவி செய்யவில்லை, ஆனால் சாக்கு சொல்கிற வித்தையில் அவள் அந்த அலுவலகத்துக்குச் சமமாக வந்துவிட்டாள் என்று நான் சொன்னேன். சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண்ணைத் துடைத்தாள்.

மே மாதத்தில் மோட்டார் வந்தது. தெருப் பெண்கள் எல்லாம் காலிக் குடத்தோடு போய் ஹைரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்ததில் "அவசரம்" என்று ஒரு தலைப்பைக் கண்டுபிடித்துப் பணம் விட்டார்கள். லாரியில் பச்சை நிறத்தில் புது மோட்டார், கன்றுக்குட்டி மாதிரி கொழுகொழு என்று வந்து இறங்கியது. அதைத் தூக்கச் சங்கிலி, கப்பி எல்லாம் வந்தது. ஏ.ஈ.யும் வந்தார். எல்லோரும் சுவருக்கு முன்னால் போய் நின்றோம். டால்பின்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

ஓரத்துக் கதவில் வைத்துப் பார்த்தார்கள். நேராக வைத்தார்கள், சாய்த்து வைத்தார்கள். நுழையவில்லை.

"சுவரை இடிச்சிருங்க சார்" என்றேன்.

"இடிக்கலாம்ணே. ஆனா சுவர் வேலை இன்னும் உத்தரவாதக் காலத்துல இருக்கு. இப்போ இடிச்சா காண்ட்ராக்டர் பொறுப்பில்லம்பார். அழகுபடுத்துற பிரிவுல சம்மதம் வாங்கணும். இடிக்கிறதுக்கு எஸ்டிமேட் போடணும், திரும்பப் பூசி படம் வரையறதுக்கும் சேத்துப் போடணும்."

"எத்தினி நாளாவும்?"

ஏ.ஈ. டால்பினைத் தடவிப் பார்த்தார். பெயிண்டு நல்ல பெயிண்டு. எங்கள் ஊரில் அரசாங்கம் போட்டு உரியாமல் நின்ற முதல் பெயிண்டு அதுதான்.

மோட்டாரைத் தெருவிலேயே இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மூன்றாம் நாள் அதன்மேல் ஒரு ஆடு ஏறிப் படுத்தது. தெருவில் போகிறவர்கள் ஆட்டைப் பார்த்து "இன்னா இன்ஜினியரே, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மோட்டார் இல்லாதபோது நாறியதைவிட, மோட்டார் வாசலில் இருக்கும்போது நாறியதுதான் எங்களால் தாங்க முடியவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் பதினோரு மணி வாக்கில், சொல்லாமல் கொள்ளாமல், மீஞ்சூர் சம்மந்தியம்மா ஒரு பை மாங்காயோடு வந்து இறங்கினாள். ஆட்டோவில் இருந்து காலை வைத்த இடமே சாக்கடை. நான் எதிர்ப் பக்கத்தில் மூங்கில் கழுவிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் ரெண்டு நாற்காலியைத் தண்ணீரில் வரிசையாகப் போட்டு அதன்மேல் நடத்திக் கூட்டி வந்தேன். அக்கா கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. செங்கல்லின் மேல் கட்டில், கட்டிலின் மேல் அடுப்பு, அதன் பக்கத்தில் குழந்தைக்கென்று கிழித்து மடித்து வைத்த பழைய புடவைத் துணி.

சம்மந்தியம்மா நல்ல மனுஷி. மூக்கைக்கூடப் பொத்தவில்லை. "ஏன் சம்மந்தி, என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? இப்பிடியா மறைப்ப?" என்றாள். பிறகு, "பொண்ணு எங்க வூட்டுலயே பெத்துக்கட்டும். ஆஸ்பத்திரி பக்கம்தான் கீது. நீயும் வந்து எங்களோட தங்கிக்க. உனக்கு ஒரு சோறு பாரமா?" என்றாள்.

அக்கா "சரி சம்மந்தி" என்று மட்டும் சொன்னாள். மாங்காயை வாங்கி வைத்தாள். அவளை நாற்காலி மேலேயே நடத்தித் திருப்பி ஆட்டோ ஏற்றினாள். ஆட்டோ திரும்பியதும் அந்த நாற்காலி ஒன்றில் தண்ணீருக்கு நடுவிலேயே உட்கார்ந்தாள்.

"நல்லதுக்குத்தான சொல்லிச்சு யக்கா" என்றேன்.

"நல்லதுக்குத்தான் மைக்கு. அதான் பேஜாரா கீது." முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "என் பொண்ணு பெத்துட்டு பட்த்துகினு இருக்கும். அதுக்கு வெந்நி வெக்க நான் இன்னொருத்தி அடுப்பாண்ட போயி, வெக்கலாமாம்மான்னு கேட்டு நிக்கணும். அது ராத்திரில பசின்னா அடுத்தவ சட்டிய தொறக்கணும். நான் அதுக்கு அம்மாவா, வந்துட்டு போற விருந்தாளியா? புருசன் கடலுக்குப் போயி வராத நாள்லகூட நான் யார் வூட்டுலயும் போயி குந்தினது இல்ல. இவனுங்க சுவத்துல மீனு வரைஞ்சதுக்கு நான் போயி குந்தணுமா?"

 மைக்கை விட்டால் என்னிடம் இருப்பது மூங்கில், கயிறு, குழி தோண்டுகிற கடப்பாரை. அக்கா கடப்பாரையைப் பார்த்தாள்.

"அத்த குடு."

"யக்கா, கவர்மெண்டு சுவரு."

"ஆமா. அதான் நம்ம வூட்டு வாசல்ல நிக்குது."

நான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு கூடவே போனேன். முதல் குத்து அக்காவுடையது. நடு டால்பினின் பல் வரிசையில் விழுந்தது. அவ்வளவு சிரிப்பு சிரித்த மூஞ்சி ஒரே குத்தில் பொக்கை வாயானது. சத்தம் கேட்டு மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருத்தி கல்லை எடுத்துப் போட்டாள், ஒருத்தி மண்ணை வாரினாள். "ஏய், மேல எழுத்து கீது, அத்த உட்டுட்டு இடி, புண்ணியமா போவுது" என்று ஒருத்தி தூய்மை வாசகத்தைக் காட்டிச் சொன்னாள். இன்னொருத்தி "எழுத்த உட்டா அந்தரத்துல தொங்குமாடி, அறிவுகெட்டவளே" என்றாள். அந்தச் சுவருக்குள் சிமெண்டு குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தைக் கெட்டியாகப் போட்டவர்கள் சுவரைக் கெட்டியாகப் போடவில்லை. சோறு வேகிற நேரத்துக்குள் பழைய ஷட்டர் வழி மறுபடி வாய் திறந்தது.

ஆபரேட்டர்தான் ஏ.ஈ.க்குப் போன் போட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். குவிந்து கிடந்த கல்லையும் ஓட்டையையும் கடப்பாரையோடு நின்ற அக்காவையும் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகப் போய் ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது அந்தப் பரீட்சை முகம் போயிருந்தது.

"நான் இன்னைக்கு லீவு. இங்க வரலை" என்றார். "அந்தக் கப்பி எங்க இருக்கு?"

அன்று மத்தியானமே மோட்டார் உள்ளே போனது. எங்கள் ஆட்கள் படகு இழுக்கிற மாதிரி குரல் கொடுத்து இழுத்தார்கள். மறுநாள் இணைப்பு கொடுத்து ஓட விட்டார்கள். அக்காவின் கூடத்தில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது, பிறகு தரை வரைக்கும் இறங்கியது, பிறகு திரும்பி ஏறவே இல்லை. ரெண்டு நாள் காத்திருந்து, ஏறவில்லை என்று நிச்சயம் ஆன பிறகுதான் அவள் துடைப்பத்தை எடுத்தாள். சுவரில் முழங்காலுக்குக் கீழே படிந்த கறையைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தாள். மீஞ்சூருக்குப் போய் மகளைக் கையோடு கூட்டி வந்தாள். வண்டி திரும்பும்போது நான் பார்த்தேன். முன்னால் வயிறும் பின்னால் மகளும்தான் இறங்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். அவரோடு ரெண்டு பேர். ஓட்டை வழியாக மோட்டார் ஓடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. அவர் காதுக்கு அது வரவில்லை. அரை டால்பினின் வாலைக் காட்டி, "யார் இதை உடைச்சது?" என்றார்.

அக்கா வாசலுக்கு வந்தாள். "நான்தான் சார்."

"அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியிருக்கீங்க. தெரியுமா?"

"எந்தச் சொத்து சார்? உள்ள ஓடுது பாரு, அதுவும் உங்க சொத்துதான? அதான் நல்லா கீதே."

"அது வேற விஷயம்."

நான் இத்தனை வருடத்தில் கேட்ட எல்லா மேடைப் பேச்சையும் பிழிந்தால் கடைசியில் இந்த ரெண்டு வார்த்தைதான் சொட்டும் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் சாக்கடை வந்தது வேற விஷயம். மோட்டார் வெயிலில் கிடந்தது வேற விஷயம். ஒரு பெண் எங்கே பிள்ளை பெறுவாள் என்பது ரொம்பவே வேற விஷயம். அவர்கள் விஷயம் என்று கையில் எடுப்பது எங்கள் தெருவில் எங்கேயும் இல்லாத ஒன்றாகத்தான் இருக்கும். கூட வந்தவர்கள் ஓட்டையைப் பல கோணத்தில் போட்டோ எடுத்தார்கள். ஷட்டர் வழி அடைபட்டபோது இந்த ஆட்கள் ஒரு போட்டோ எடுத்திருந்தால் போதும்.

"நீங்க பதில் சொல்லியாகணும்மா" என்றார் அதிகாரி. "விசாரணை வரும். உங்களை மாதிரி ஆளுங்க ஆளுக்கு ஒரு கடப்பாரை எடுத்தா நாங்க எப்படி நிர்வாகம் பண்றது?"

அக்கா வாயைத் திறந்தாள். அவள் வாய் திறந்தால் காசிமேட்டு ஏலக்காரனே பின்வாங்குவான். நானும் ஆவலாகத்தான் நின்றேன்.

அப்போது உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். "எம்மோவ், காலு மரத்துப் போச்சு. எழுந்துக்க முடியல. வந்து தூக்கி உடேன்."

அக்கா வந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட்டாள். "வரேன்மா, அவசரப்பட்டு எழுந்துக்காத" என்று சொல்லிக்கொண்டே திரும்பி உள்ளே போனாள். அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டார்.  கட்டில் கிறீச்சிட்டது, அம்மாவும் மகளும் எதற்கோ சிரித்தார்கள், வெந்நீர் வாளியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. வாசலில் நின்ற அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். யாரும் அவரைப் போகவும் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை.